கேப்டன் பிடித்த நிரை

என் வீட்டுக்காரர் லிபின், ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்கியவர். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இதைக் கடைசி வரை யாரும் முழுதாக நம்பவில்லை. எல்லைப் படையில் சேர்ந்து லடாக்குக்குப் போனவருக்கு, இடுக்கி மலைக்குளிரில் பிறந்தவன்தானே என்று ஓர் அதிகாரி சறுக்குக் காலணியை மாட்டிவிட்டாராம். விழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் படையின் அணிக்கே கேப்டன் ஆகிவிட்டார். துப்பாக்கி பிடித்த நாட்களைவிட மட்டை பிடித்த நாட்கள்தான் அதிகம்.

அவர் இறந்துபோன பிறகு பத்திரிகையில் நாலு வரி வந்தது. தலைமைப் பண்புக்கும் தொண்டுள்ளத்துக்கும் பேர் பெற்ற வீரர் என்று எழுதியிருந்தார்கள். நான் வாசிக்கக் கேட்ட என் மாமியார் சந்தனமேரி, இது நம்ம லிபினைப் பற்றித்தானா என்று சந்தேகமாகக் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். வீட்டில் அவர் தலைமை தாங்கி நாங்கள் பார்த்ததில்லை. சாயங்காலம் கோழியைக் கூட்டில் அடைக்கக்கூட அவருக்கு வராது. கோழிகள் முன்னால் போகும். கேப்டன் பின்னால் போவார்.

நான் மலைக்காரி இல்லை. என் ஊர் கீழே சமவெளியில் வடகரப்பதி. அப்பா சூசையப்பனுக்கு அங்கே கொஞ்சம் தென்னையும் இரண்டு எருமையும் உண்டு. பெண் பார்க்க லிபினும் அவர் அம்மாவும் வந்தபோது, அப்பாவுக்கு மாப்பிள்ளையின் வேலை பிடிபடவே இல்லை. காப்பி ஆறும் வரை யோசித்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க தம்பி, பனிக்கட்டி மேல வெளையாடறதுக்குங்களா சம்பளந் தர்றாங்க?”

“ஆமாங்க மாமா. தோத்தாலும் தருவாங்க.”

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தேங்காய் விலையை நம்பி வாழ்கிறவருக்குத் தோற்றாலும் வரும் சம்பளம் என்பது பெரிய விஷயம். ஆனால் மாப்பிள்ளை அதோடு நிற்கவில்லை. சம்மதம் சொல்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது நல்லது என்று சொல்லிவிட்டு, மேல்வரிசைப் பல் இரண்டைக் கழற்றி, முறுக்குத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒரு ஆட்டத்தில், பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு பறந்து வந்து கொண்டுபோன பற்களுக்குப் பதிலாகக் கட்டியவை. சந்தனமேரி அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் கொட்டகையில் எருமை எழுந்து நின்றது. அந்தப் பொக்கைச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் சம்மதித்தேன். பல்லோடு சிரித்தபோது அவ்வளவு நன்றாக இல்லை என்பதை இப்போதும் சொல்வேன்.

தென்னையடியில் எங்களைக் கொஞ்சம் பேசவிட்டார்கள். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் ஆட்டத்தின் விதியைச் சொன்னார். களத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்கு மரச்சுவர் இருக்குமாம். ஒருவர் சேர்ந்தாற்போல ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினால் நுரையீரல் வெளியே வந்துவிடுமாம். அதனால் ஒருவன் மூச்சு வாங்கச் சுவரோரம் வந்ததும் அடுத்தவன் சுவரைத் தாண்டி உள்ளே குதிப்பான், அதற்காக ஆட்டம் நிற்காது, விசிலும் ஊதமாட்டார்கள்.

“அப்ப சம்பளமும் அந்த ஒரு நிமிசத்துக்குத்தானுங்களா?” என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியைப் படையில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடாதே என்றார் அவர்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் விடுமுறைக்கு வந்தபோது, எல்லாப் படைக்காரர்களும் மனைவிக்குக் கம்பளிச் சால்வை கொண்டுவருவார்கள் என்று நான் காத்திருந்தேன். இவர் ஒரு கறுப்பு ரப்பர் வட்டைக் கொண்டுவந்தார். ஓர் இறுதி ஆட்டத்தில் ஜெயித்துக் கொடுத்த வட்டாம். எடை இருந்தது, மணம் இல்லை, நிறம் இல்லை, உடுத்தவும் முடியாது. தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்தில் எங்கள் வீட்டுத் தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். பீரோ ஆடிக்கொண்டே நிற்கும். அதன் ஒரு காலுக்கு அடியில் வட்டைச் செருகினேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது. கேப்டன் வந்து பார்த்தார். பிறகு பீரோவைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் நிக்குது” என்று போய்விட்டார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. எஸ்டேட்டில் வீடு வீட்டுக்காரருடையது இல்லை, வேலைப் பேருடையது. வீட்டில் ஒருவர் பேராவது வேலையில் இருந்தால் குடியிருக்கலாம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அதுவரை எங்கள் வீடு, கொழுந்து பறித்துவந்த சந்தனமேரி அம்மா பேரில் இருந்தது; அவர் ஓய்வு பெறும் வருடம் வந்தது. மகன் பேர் படையில் இருந்ததே தவிர எஸ்டேட்டில் இல்லை. என் ஊருக்குப் பக்கத்தில் கோபாலபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்கலாம் என்று லிபின் போனில் சொன்னார். அம்மா சமையல்கட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கோயிலுக்கு மேலே கல்லறைத் தோட்டம் தெரியும். மாமனார் அங்கேதான் இருக்கிறார்.

“நா எங்கயும் வரல. மேல போற அன்னைக்கு மட்டும் தூக்கிக்கிட்டுப் போங்க” என்றார்.

நான் பேரைப் பதிகிறேன் என்று அப்போது சொன்னேன். பி.ஏ. படித்த பெண் கொழுந்து பறிப்பதா என்று அப்பா வருத்தப்பட்டார். பி.ஏ.வுக்கு இரண்டு அறை வீடு யாரும் தரவில்லையே.

கம்பெனி விதி சுலபமானது. முதல் வருடம் தற்காலிகப் பேர். மார்ச் முடிகிற வரைக்கும் கொழுந்தும் குறையக் கூடாது, வருகையும் விடக் கூடாது. விட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேரோடு வீடும் போகும். தாண்டிவிட்டால் நிரந்தரம்.

தேயிலைச் சரிவில் பெண்கள் பக்கம் பக்கமாக நின்று, பெரிய கத்திரியால் கொழுந்தை வெட்டியபடி மேலேறுவார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைச் செடி. அதை நிரை என்பார்கள். என் வலப்பக்க நிரை குருவம்மாளுடையது. எஸ்டேட்டிலேயே வேகமான கத்திரி, அதைவிட வேகமான வாய். இடப்பக்கம் ராமலட்சுமி, முழங்கால் வலிக்காரி, ஆனாலும் எனக்கு முன்னால்தான் போவாள். அவரவர் நிரை அவரவருக்கு. அடுத்த நிரைக் கொழுந்து தன் பக்கம் சாய்ந்து வந்து கையில் உரசினாலும் தொடமாட்டார்கள். உயிரே போகிற சண்டைகள் அதற்காக நடந்திருக்கின்றன.

நான் எல்லோருக்கும் பின்னால் இருந்தேன். வழுக்கும் சரிவில் விழாமல் நிற்பதே எனக்கு ஒரு முழுநேர வேலையாக இருந்தது; பறிப்பது மிச்ச நேரத்தில்தான். நான் வாயைத் திறந்தால் வரும் கொங்குப் பேச்சைக் கேட்டு எனக்கு ‘ஏனுங்க’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஏனுங்க வந்துட்டாளா, ஏனுங்க இன்னும் கீழதான் நிக்குறாளா என்று மேலேயிருந்து விசாரிப்பார்கள்.

மழைக்காலத்தில் லடாக்கில் பனிக்கட்டி இருக்காது என்பதால் கேப்டனுக்கு அப்போதுதான் விடுமுறை. வந்தார். மறுநாளே என்னோடு மலைக்கு வந்து, நான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பழைய கத்திரியை எடுத்துக்கொண்டு என் நிரையில் இறங்கிவிட்டார்.

சூப்பர்வைசர் ஜோபி இளவயசுப் பையன். கேப்டனோடு எடுத்த போட்டோவை அவன் இன்னும் எல்லோருக்கும் அனுப்பி முடிக்கவில்லை, அதனால் தடுக்கவில்லை. குருவம்மாள் கத்திரியை நிறுத்தினாள்.

“ஏலே லிபினு, அது யாரு நிரை?”

“என் வீட்டுக்காரி நிரைதான் சித்தி.”

“பேரு யாரு பேரு?”

“அவ பேருதான்.”

“பொறவு ஒன் கைக்கு அங்க என்ன சோலி?”

எங்கள் அணியில் யாராவது பின்தங்கினால் கேப்டன் பின்னால் போய் அவனோடு நிற்பான் என்று இவர் விளக்கம் சொன்னார். அதெல்லாம் உங்க பனிக்கட்டியில் வைத்துக்கொள் என்று அவள் சொல்லிவிட்டாள். இவர் சிரித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். கத்திரியை மட்டை வீசுகிற மாதிரி வீசினார். பார்க்க அழகாக இருந்தது. சாக்கு மளமளவென்று நிறைந்தது.

எடைக் கொட்டகையில் ஜோபி சாக்கைக் கவிழ்த்தபோது அவன் முகத்தில் இருந்த பக்தி குறைந்துகொண்டே வந்தது. பாதிக்கு மேல் முத்தல் இலை, நடுவில் சுள்ளி, ஒரு தவளை. தவளையைத் தவிர எதுவும் தேறவில்லை. என் அன்றைய கொழுந்து முழுவதையும் ஒதுக்கிவிட்டார்கள். வீடு இந்தக் கொழுந்தில்தான் நிற்கிறது என்பது அவருக்கும் தெரியும். திரும்பும் வழியில் காலிச் சாக்கை அவரே தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க, நீங்க எந்த அணிக்கு ஆடறீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலை குருவம்மாள் அவரை வழியில் மறித்து, உங்கள் ஆட்டத்தில் விதியை மீறினவனை என்ன செய்வார்கள் என்று விசாரித்தாள். இவர் பொய் சொல்லத் தெரியாதவர். களத்துக்கு வெளியே ஒரு கூண்டு மாதிரிப் பெட்டி இருக்கும், அதில் தனியாக உட்கார வேண்டும், அதுவரை அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும் என்று ஒப்புவித்தார்.

எடைக் கொட்டகை வாசலில் ஒரு மரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. குருவம்மாள் அதைக் காட்டினாள்.

“எங்க, ஒக்காரு.”

உட்கார்ந்தார். அவர்கள் ஆட்டத்தில் இரண்டு நிமிடத்தில் எழுப்பிவிடுவார்களாம். குருவம்மாள் சாயங்காலம் சங்கு ஊதும் வரை எழுப்பவில்லை. எல்லாப் பெண்களின் தூக்குவாளியையும் குரங்கு தூக்காமல் காக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டாள். நாட்டின் எல்லையைக் காத்தவர் அன்றைக்கு இருபது வீட்டுப் புளிச்சோற்றைக் காத்தார். தன் வாழ்க்கையில் இவ்வளவு நீண்ட தண்டனை வாங்கியதில்லை என்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். குருவம்மா செஞ்சது சரிதான் என்று அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

ஆனால் பெட்டியில் சும்மா உட்காரவில்லை. நாள் முழுவதும் என் காலைப் பார்த்திருக்கிறார். எனக்குக் கை மெதுவில்லை, கால்தான் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் லயத்து நடைபாதையில் பயிற்சி. பாசி பிடித்த சிமெண்ட் தரையில் தண்ணீர் ஊற்றி, என் காலில் ஈரச்சாக்கைக் கட்டிவிடுவார்.

“மொழங்காலை மடக்கு. கண்ணு கீழ போகக் கூடாது. தரை எங்கயும் ஓடிராது.”

லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. சினிமா எப்போது வரும் என்று ராமலட்சுமி கேட்டாள். நாலைந்து நாளில் அவளும் முழங்கால் வலிக்கு இதில் ஏதாவது வழி உண்டா என்று சாக்கோடு வந்தாள். பிறகு இன்னும் சிலர். சாயங்காலமானால் நடைபாதை முழுக்கப் பெண்கள் காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு பிட்டத்தைப் பின்னால் தள்ளி நின்றார்கள். நடுவில் கேப்டன் வெகு கவனமாக முழங்கால்களைத் திருத்திக்கொண்டிருந்தார். குருவம்மாள் மட்டும் சேரவில்லை. தன் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி, யார் எப்படி விழுந்தாள் என்று அறிவித்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறையில் வந்தவர் விடுமுறையில் வந்தவர் மாதிரி இருந்ததே இல்லை. ஆண்களைக் கூட்டிக்கொண்டு போய் மழையில் கரைந்த மலைப்படியைக் கல் வைத்துக் கட்டுவார். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் ஜீப்பில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். நீங்கள் கல்யாணம் செய்தது என்னையா, எஸ்டேட்டையா என்று ஒருநாள் கேட்டேன். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்களே, அதை நீ சரியாகக் கேட்கவில்லை, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாசித்தார்கள் என்றார்.

அவர் கிளம்பும்போது நான் கடைசி ஆள் இல்லை. ராமலட்சுமிக்குக் கால் வலிக்கிற நாட்களில் அவளுக்கு முன்னால்கூடப் போய்விடுவேன். பிறகு போனில் பேசும்போதெல்லாம் முதலில் நிரை எப்படி என்று கேட்பார். நான் எப்படி என்பது அடுத்த கேள்வி.

பிப்ரவரியில் அவர்கள் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். தோத்தாலும் சம்பளம் உண்டு, மாமாவிடம் சொல் என்று போனில் சிரித்தார். அதுதான் கடைசிப் பேச்சு. அடுத்த வாரம் அங்கே மேலே ஒரு கிராமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை இறக்க முடியாமல் பாதையைப் பனி மூடிவிட்டது. இவர் அணிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு பாதையை வெட்டப் போனார். அந்தப் பெண் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். பையன்களையும் இவர் முன்னால் அனுப்பிவிட்டார். மறுபடி சரிந்த பனி பின்னால் வந்தவர் மேல் விழுந்தது. பின்னால் வருவது அவருக்குப் பழக்கம். எங்கள் கோழிகளுக்குத் தெரியும்.

மாமனாருக்குப் பக்கத்தில் வைத்தோம். அவரோடு ஆடிய பையன்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் இந்தி டிவி தொடர்களில் கற்றது. அதை வைத்துக்கொண்டு பேசினோம். ஆட்டம் முடிந்ததும் எல்லோருடைய ஈரக் காலுறையையும் வாங்கி அடுப்பு மேல் காயவைப்பது கேப்டன்தானாம். லடாக் ஊர்ப் பெண் குழந்தைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுத்து, தன் காலணி ஒரு ஜோடியையும் கொடுத்துவிட்டு, இரவல் காலணியில் ஒரு பருவம் முழுக்க ஆடினாராம். இதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி. எங்களிடம் தோற்ற கதைகளையும் விழுந்த கதைகளையும் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

ஒரு பையன் அந்த வட்டு எங்கே என்று கேட்டான். அவர்கள் ஜெயித்த ஒரே இறுதி ஆட்டத்தின் வட்டாம். அதை வீட்டில் எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று பார்க்க ஆசைப்பட்டான். நான் பீரோவின் காலைக் காட்டினேன். நாலு பேரும் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். அப்படியே முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். வேண்டாம், கேப்டன் இன்னும் வேலையில்தான் இருக்கிறார் என்றான்.

அதன்பிறகு நான் மலைக்குப் போகவில்லை. ஏழாம் நாள் செபம் முடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. மார்ச் வந்தது. வருகை விட்டுப்போயிற்று, பேர் போயிருக்கும், இனி சாவியைக் கேட்டு ஆள் வர வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஒருநாள் பார்த்தால், அதிகம் புழங்காத பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலைச் சாத்தியிருந்தார். அப்பா போன் செய்து, மாமியாரையும் கூட்டிக்கொண்டு வடகரப்பதிக்கு வந்துவிடு கண்ணு என்று அழைத்தார். சரிங்க என்றேன்.

வெட்டுவதானால் நானே போய்ப் பேரை வெட்டச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்க, பேர் கூப்பிடும் இடம் அது. மூடுபனியில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பின்வரிசையில் நின்றேன். ஜோபி பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

“ஜின்சி லிபின்.”

நான் வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து பதில் வந்தது.

“இருக்கேனுங்க.”

என் குரல் மாதிரியே இருந்தது. என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொங்கு பேசியது. யாரும் சிரிக்கவில்லை. ஜோபி தலையை நிமிர்த்தாமல் குறித்துக்கொண்டான். அடுத்து குருவம்மாள் பேரைக் கூப்பிட்டான். அதே இடத்திலிருந்து, இந்தத் தடவை சொந்தக் குரலில், இருக்கேன் என்று வந்தது.

ராமலட்சுமிதான் முதலில் என்னைப் பார்த்தாள். குருவம்மாளின் தலைத்துண்டைப் பிடித்து இழுத்தாள். குருவம்மாள் திரும்பினாள். என் நிரை என்னவாயிற்று என்று ராமலட்சுமியிடம் கேட்டேன். அவள் குருவம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் வராத நாளெல்லாம் ஒருத்தி மாற்றி ஒருத்தி தன் நிரையிலிருந்து தாண்டி என் நிரையில் கொஞ்ச தூரம் பறித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். யார் எப்போது என்று பேச்சே இல்லையாம். ஒருத்திக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவள் உள்ளே வந்திருக்கிறாள். சாயங்காலம் என் பேரில் ஒரு சாக்கு எடைக்குப் போயிருக்கிறது. முத்தல் இல்லாத சாக்கு.

நான் குருவம்மாள் முன்னால் போய் நின்றேன்.

“யாரு நிரைங்க சித்தி அது?”

“ஒன் நிரைதான்.”

“பேரு?”

“ஒம் பேருதான்.”

“அப்பறம் உங்க கைக்கு அங்க என்ன சோலிங்க?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள்.

“வேணும்னா போயி அந்தப் பொட்டியில ஒக்காந்துக்கிடுதேன். ஒரு ஆளு கொறையும். பரவால்லயா?”

அப்போது சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். முகம் எல்லாம் நனைந்திருந்தது, மூடுபனிதான் காரணம் என்று ராமலட்சுமி எல்லோரிடமும் சொன்னாள்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கத்திரியை எடுத்து வந்தேன். அம்மா கத்திரியைப் பார்த்தார். தூக்குவாளியில் பழைய சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு மூட்டையின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார். சரிவில் ஏறி என் நிரையில் நின்றேன். முழங்காலை மடக்கினேன். கண்ணைக் கீழே போகவிடவில்லை.

சாயங்காலம் எடைக் கொட்டகையில் ஜோபி என் சாக்கைத் தூக்கி மாட்டினான். முள்ளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டான்.

“சேச்சி, இத்தன நாளா நல்லா வந்துட்டிருந்துச்சு. இன்னைக்குத்தான் கொறஞ்சிருக்கு.”